ஓகே சொன்ன பிறகு கேட்க வேண்டியது

எங்கள் துறைமுகத் தொழிலாளர் சங்கத்தின் ஆண்டு மலருக்கு நான் எழுதித் தர வேண்டும் என்று கேட்டபோது உடனே ஒத்துக்கொள்ளவில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அவர்கள் எழுதச் சொன்னதோ இங்கிலீஷைப் பற்றி. படித்தவர்கள் கையில் இந்த மலர் போனால் என்ன சொல்வார்கள், அச்சில் வந்த பிறகு திருத்த முடியுமா, என் பெயரைப் போடாமல் விட முடியுமா என்று ஒரு வாரம் இதே யோசனை.

என் மனைவி கஸ்தூரிதான் சொன்னாள். "கப்பல் மேல ஏறி அவ்ளோ பெரிய ஆபீசருங்களாண்ட பேசினப்ப வராத பயம், வெள்ள பேப்பராண்ட இன்னாத்துக்குய்யா வருது?"

அவளுக்குத் தெரியாது. அப்போதும் பயம் வந்துகொண்டுதான் இருந்தது. வேலைக்குப் போன காலம் முழுக்க, தெரு முனை வரை போய்விட்டு, கேஸ் அடுப்பைச் சரியாக மூடினோமா என்று திரும்பி வந்து பார்த்துவிட்டுத்தான் பஸ் ஏறுவேன். அப்படிப்பட்ட ஆள் துறைமுகத்தில் கேங் மேஸ்திரியாக ஓய்வு பெற்றேன் என்றால் அதற்கு நான் காரணமில்லை. காரணமானவர்களைச் சொல்லத்தான் ஒத்துக்கொண்டேன்.

எழுத வேண்டும் என்று முதலில் பிடித்தவன் தினேஷ். நான் நின்ற இடத்தில் இப்போது மேஸ்திரியாக நிற்கிற பிள்ளை. ஒருநாள் வீட்டுக்கு வந்து தன் போனைக் காட்டினான். அதில் நாம் தமிழில் பேசினால், எதிரில் இருக்கிற கப்பல் ஆபீசரின் பாஷையில் அதுவே பேசுகிறது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். என் காலத்தில் இது இருந்திருந்தால் பாதி நாள் எனக்கு நெஞ்சு எரிந்திருக்காது.

"இது இல்லாம எப்டி நைனா சமாளிச்ச நீ?" என்றான்.

"அது கெடக்கட்டும். நீ இந்த போனாண்ட இன்னா பேசுற?"

"எல்லாம் சேஃபான்னு கேப்பேன். அந்தாளு எஸ்ஸும்பாரு. டிக் போட்டுட்டு எறங்கிகினே இருப்போம்."

அவன் போன பிறகும் அந்த 'எஸ்' என் காதிலேயே இருந்தது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

எனக்கு ஊர் திருவொற்றியூர். அப்பா எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்து, இருமல் கண்டு வீட்டில் உட்கார்ந்தார். நான் பள்ளிக்கூடப் பையை மூலையில் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். காசிமேட்டில் ஐஸ் உடைத்தேன், மணலியில் டிரம் உருட்டினேன், லாரி ஷெட்டில் கிளீனராக இருந்தேன். பிறகு ஒரு சொந்தக்காரர் மூலம் துறைமுகம். சரக்கைச் சங்கிலி போட்டுக் கட்டுகிற வேலை. அதிலிருந்து கிரேன்காரருக்குக் கை காட்டுகிற சிக்னல் வேலை. கை காட்டுவதில் நான் கெட்டிக்காரன் என்று பெயர். பயந்தவன் இல்லையா, ஒவ்வொரு தூக்குக்கும் கீழே ஆள் இருக்கிறானா என்று கழுத்து வலிக்கப் பார்ப்பேன். அந்தப் பெயரை வைத்துத்தான் மேஸ்திரியாக்கினார்கள்.

மேஸ்திரி என்றால் ஒரு சரக்கறைக்குப் பொறுப்பு. கப்பலின் வயிற்றில் பெரிய பெரிய கிணறுகள் மாதிரி இருக்கும் அவை. அதற்குள் இறங்கிச் சரக்கை மாட்டுகிறவர்கள் நம் கேங். மேலே இருந்து கப்பல் ஆபீசரிடம் பேச வேண்டியவன் மேஸ்திரி. அங்கேதான் எனக்கு வினை. எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் ஸ்டாப், ஸ்லோ, அப், டவுன், ஓகே. உண்மையைச் சொன்னால் இதை வைத்துக்கொண்டே ஒரு கப்பலைக் காலி செய்துவிடலாம், எல்லாம் ஒழுங்காகப் போகிறவரை.

ஒருநாள் ஒழுங்காகப் போகவில்லை. கப்பலின் சொந்தக் கிரேனில் வேலை. தொடங்கும் முன் ஆபீசரிடம் "கிரேன் ஓகே?" என்றேன். "ஓகே, ஓகே" என்றார். கொக்கி உச்சிக்குப் போனால் தானாக நிற்க வேண்டும். அந்தக் கிரேனில் அது வேலை செய்யவில்லை. கொக்கி மேலே போய் முட்டியது. பலகைக் கட்டு ஒன்று நழுவி, ஆளில்லாத மேல்தளத்தில் விழுந்தது. யாருக்கும் அடியில்லை. ஆனால் அந்தச் சத்தம் என் முதுகுத்தண்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

மறுநாள் விசாரணை. அங்கேதான் ஸ்டெல்லா மேடத்தை முதன்முதலில் நேருக்கு நேர் பார்த்தேன்.

மேடம் எங்கள் கம்பெனிக்குப் பாதுகாப்பு அதிகாரியாகப் புதிதாக வந்தவர். என்னைவிட வயதில் நன்றாகச் சிறியவர். ராயபுரத்தில் மாதா கோயில் தெருப் பெண், அப்பா ரயில்வேயில் இருந்தவர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தலையில் போட்ட முக்காட்டுத் துணியைப் பையில் மடித்து வைத்துவிட்டு, ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு கப்பலில் ஏறுவார். சட்டைப் பையில் எப்போதும் வறுத்த வேர்க்கடலை இருக்கும். கத்த மாட்டார். துறைமுகத்தில் கத்தாமல் வேலை வாங்கிய ஒரே ஆளை நான் அவரிடம்தான் பார்த்தேன். "கத்தினா காத்து எடுத்துகினு பூடும் அண்ணே. கிட்ட வந்து சொன்னாதான் நிக்கும்" என்பார்.

கன்டெய்னரை வெட்டிச் செய்த ஆபீஸ் அறை. வேலை போகப் போகிறது என்று முடிவு செய்துகொண்டு நின்றேன். அவர் நாற்காலியைக் காட்டினார். கடலைப் பொட்டலத்தை நடுவில் வைத்தார்.

"சாப்ட்டீங்களா அண்ணே?"

"ஆச்சு மேடம்."

"இன்னா சாப்ட்டீங்க?"

காலையிலிருந்து பயத்தில் பச்சைத் தண்ணீர்கூட இறங்கவில்லை. முழித்தேன்.

மேடம் சிரித்துவிட்டார். "பாத்தீங்களா? சாப்ட்டீங்களான்னு கேட்டா நம்ம எல்லாருமே ஆச்சுன்றோம். பொய்யின்னு கூட தோணாது, மரியாதை. அந்த ஆபீசரும் அதே தாண்ணே பண்ணாரு. கிரேன் ஓகேவான்னு நீங்க கேட்டீங்க, அவரு மரியாதையா ஓகேன்னாரு. நீங்க வேற மாதிரி கேட்டிருந்தா அவருக்கு நெஜமா யோசிக்க வேண்டி வந்திருக்கும்." பொட்டலத்தை என் பக்கம் தள்ளினார். "மொதல்ல இதத் தின்னுங்க."

வேலையை எடுக்கவில்லை. அதற்குப் பதில் என்னையும் மற்ற மேஸ்திரிகளையும் பகல் சாப்பாட்டு நேரத்தில் மரக்கட்டைகள் மேல் உட்கார வைத்தார். வகுப்பு என்று சொன்னால் எவனும் வரமாட்டான் என்று அதற்கு அவர் வைத்த பெயர் 'கடலை டைம்'. ஒரு கை கடலை, ஒரு வாக்கியம்.

அவர் இலக்கணப் பெயர் எதுவும் சொல்லவில்லை. எங்களுக்குத் தெரிந்ததை வைத்தே சொன்னார். "முன்னாடி வர்றது கிரேன். பின்னாடி வாட்-லேர்ந்து கடைசி வரைக்கும் ஒரே கட்டு. அந்தக் கட்டுக்குள்ள கைய வெச்சுத் திருப்பாதீங்க, பிரிக்காதீங்க. அப்டியே தூக்கி வைங்க."

கேன் யூ டெல் மீ, வாட் யூ லோடட். என்ன ஏற்றினீர்கள் என்று சொல்ல முடியுமா. யூ ஷுட் ஷோ மீ, வாட் ஈஸ் ப்ரோக்கன். எது உடைந்திருக்கிறது என்று நீங்கள் காட்டுவது நல்லது. ஐ மஸ்ட் நோ, வாட் ஈஸ் இன்சைட். உள்ளே இருப்பது என்ன என்று எனக்குத் தெரிந்தே ஆக வேண்டும்.

"கட்டு அதேதான். கிரேன மட்டும் மாத்திக்கலாம்" என்பார். "மொதல்ல கேன், சின்ன கிரேன். அதுல வரலியா, ஷுட். அதுலயும் அசையலன்னா கடைசியா மஸ்ட். எடுத்தவொடனே பெரிய கிரேனக் கொண்டாந்து நிறுத்தாதீங்க, சண்டையா பூடும்."

எனக்கு இது பிடித்துப்போனதற்குக் காரணம் உண்டு. தமிழில் நாம் கேட்க வந்ததை முதலில் சொல்லிக்கொண்டே எதிராளி முகத்தைப் பார்க்கலாம். "உள்ள என்ன போட்டிருக்கீங்கன்னு..." என்று இழுத்து, முகம் சுளித்தால் "சரி விடுங்க சார்" என்று முடித்துவிடலாம். 'சொல்ல முடியுமா' கடைசியில்தானே வருகிறது. நான் வாழ்நாள் முழுக்க அப்படித்தான் பாதியில் திரும்பினவன். இங்கிலீஷில் அந்த 'முடியுமா' முதலிலேயே வாயை விட்டு வெளியே போய்விடுகிறது. கிரேன் தூக்கிவிட்டது, இனி கட்டை எங்கேயாவது வைத்துத்தான் ஆக வேண்டும். என்னை மாதிரி பயந்தாங்கொள்ளிக்கு அது ஒரு பெரிய உபகாரம்.

இன்னொன்றும் சொல்லிக் கொடுத்தார். அதுதான் கஷ்டம். "கேட்டுட்டு வாயை மூடிகினு நில்லுங்க. பதில் வர லேட்டானா உங்களுக்கு நெஞ்சு அடிச்சுக்கும். அடிச்சுக்கட்டும். நீங்களே 'ஓகே?'ன்னு எடுத்துக் குடுத்தீங்கன்னா, அவரு அதையே புடிச்சுப்பாரு." அவரே ஆபீசர்களிடம் கேட்கும்போது பார்த்திருக்கிறேன். கேட்டுவிட்டு ஹெல்மெட்டின் தாடை வாரைக் கழற்றுவார், மறுபடி மெதுவாக மாட்டுவார். அவசரமே இருக்காது. பெரிய பெரிய ஆபீசர்கள் அந்த வார் மாட்டி முடிப்பதற்குள் உண்மையைச் சொல்லிவிடுவார்கள்.

வீட்டில் பழகிப் பார்த்தேன். சாப்பிட உட்கார்ந்து, "கஸ்தூரி, கேன் யூ டெல் மீ வாட் யூ குக்ட்?" என்றேன். "கண்ணு இல்ல? தட்டுல கீது பாரு" என்றாள்.

இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தவன் பாபு. கஸ்தூரியின் ஒரே தம்பி, என் கேங்கில்தான் வேலை. எப்போதும் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. ஏணியில் இறங்குவதில் துறைமுகத்திலேயே அவனை மிஞ்ச ஆள் கிடையாது, இரும்பு ஏணியில் அணில் மாதிரி போவான். மறுநாளே கேங் முழுக்கப் பரப்பிவிட்டான். அன்றிலிருந்து எனக்கு 'வாட் மேஸ்திரி' என்று பெயர்.

தினமும் காலையில் கஸ்தூரி அவன் டிபன் டப்பாவை என் கையில்தான் தருவாள். "அவனப் பாத்துக்கோ" என்று ஒரு வார்த்தை. அவனுக்கு அதில் கோபம். "நான் இன்னா பால்வாடியா போறேன்?" என்பான்.

இனி அந்த மரக்கப்பல் நாளைச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஒரே கப்பலில் இரண்டு சரக்கறையில் இரண்டு கேங் வேலை செய்தால், எந்தக் கேங் முதல் தூக்கை வெளியே எடுக்கிறதோ அதற்குத் தோற்ற கேங் டீ வாங்கித் தர வேண்டும். 'முதல் தூக்கு டீ' என்போம். டீ பெரிதில்லை. தோற்ற கேங்கின் ஆளே கிளாஸைத் தூக்கிக்கொண்டு வந்து, ஜெயித்தவன் கையில் கொடுக்க வேண்டும். அந்தக் கிண்டலுக்குப் பயந்து ஆட்கள் உயிரைக் கொடுத்து ஓடுவார்கள். சரக்கறையின் பெரிய மூடி திறக்க நேரமாகும். அதற்குள் பக்கத்தில் இருக்கிற ஆள் நுழையும் சின்ன மூடியைத் திறந்து, ஏணி வழியாக இறங்கி, சரக்கு மேல் தயாராக நின்றுவிடுவார்கள். பெரிய மூடி திறந்ததும் கொக்கி இறங்கும், மாட்டிவிடலாம்.

அன்றைக்கு வந்தது வெளிநாட்டு மரக்கட்டை. பக்கத்துக் கேங்கின் சரக்கறை காலையிலேயே திறந்து காற்றாடிக் கிடந்தது. எங்கள் அறையின் மூடி மட்டும் எண்ணெய் கசிந்து நகரவே மாட்டேன் என்றது. கேங் துடித்தது. சின்ன மூடியைத் திறந்துவிட்டார்கள். பாபு அதன் விளிம்பில் உட்கார்ந்து இரண்டு காலையும் உள்ளே தொங்கவிட்டுக்கொண்டான்.

"வாட் மேஸ்திரி! சொல்லு, எறங்கவா?"

அறைக்குள் காற்று நல்லதா என்று பார்க்கிற மீட்டர் ஸ்டெல்லா மேடத்திடம் இருந்தது. அவர் வேறு கப்பலில் இருந்தார். வாக்கி-டாக்கியில் கூப்பிட்டேன். "வரேண்ணே. வர்ற வரைக்கும் யாரும் எறங்க வேணாம். நீங்க ஆபீசரக் கேட்டுகினு இருங்க" என்றார்.

கப்பலின் சீஃப் ஆபீசர் ஒரு வியட்நாம்காரர். ஒல்லியான ஆள், கண்ணெல்லாம் தூக்கமின்றிச் சிவந்து கிடந்தது. என்னைப் போலவே அவருக்கும் இங்கிலீஷ் வாடகை வீடுதான். நான் வாயைத் திறக்கும் முன்னே அவர், "ஓகே, ஓகே. சேஃப். யூ கேன் கோ" என்று கையை விசிறினார்.

"கேட்டுட்ட இல்ல மாமு? சேஃபாம்!" என்று பாபு ஒரு காலை ஏணிக் கம்பியில் வைத்தான்.

"நீ அங்கியே குந்து!" என்று கத்தினேன். பிறகு ஆபீசரிடம் திரும்பினேன். "சார், கேன் யூ டெல் மீ வாட் ஈஸ் இன்சைட்?"

"வுட். ஒன்லி வுட்."

அதுதான் எனக்கும் தெரியுமே. "சார், யூ ஷுட் டெல் மீ வாட் யூ புட் வித் த வுட்."

"நத்திங். சேஃப், சேஃப்." அவர் முகத்தில் எரிச்சல் வந்துவிட்டது.

பின்னால் கேங்கில் ஒருவன், "இன்னா மேஸ்திரி, பொண்ணு பாக்க வந்தியா? ஜாதகமும் கேளேன்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்துச் சரக்கறையில் கொக்கி இறங்குகிற சத்தம் கேட்டது. அதே நேரம் ஆபீஸிலிருந்து மேனேஜர் போன்.

"ஏழுமல, இன்னாய்யா லேட்டு? ஆபீசர் சேஃப்ன்னு சொன்னாரா இல்லியா?"

"சொன்னாரு சார்."

"அப்பறம்?"

"சேஃப்ன்னு சொன்னாரு சார். இன்னா போட்டிருக்காங்கன்னு சொல்லல சார்."

"நீ ஆபீசருக்கே ஆபீசரா?" என்று போனை வைத்தார்.

பாபு பக்கத்துக் கொக்கியையே பார்த்துக்கொண்டிருந்தான். "மாமு, மானம் போவுது. நல்லா மர வாசன தான் வருது. நான் போயி ஒரே ஒரு கட்டையில மாட்டிட்டு வந்துடறேன். யோசன பண்ணி யோசன பண்ணி எங்கள சாவடிக்காத."

எனக்கு அப்போது கஸ்தூரி டப்பாவைக் கொடுத்த கைதான் கண்ணில் நின்றது. பயம் என்றால் சாதாரணப் பயமில்லை. இறக்கினாலும் பயம், நிறுத்தினாலும் பயம். வேலை போய்விடுமோ, நான்தான் கோழையோ, உள்ளே வெறும் மரம்தானோ. ஆனால் ஒரு கிரேன் இன்னும் பாக்கி இருந்தது.

"சார்." ஒரு அடி முன்னால் போனேன். "ஐ மஸ்ட் நோ வாட் தே டிட் இன் த லாஸ்ட் போர்ட்."

கேட்டுவிட்டு வாயை மூடினேன். என்ன செய்வது என்று தெரியாமல் ஹெல்மெட் வாரைக் கழற்றினேன். விரல் நடுங்கியதில் திரும்ப மாட்ட வரவில்லை. மாட்டப் பார்க்கிறேன், நழுவுகிறது. மறுபடி மாட்டப் பார்க்கிறேன். அந்த மனிதர் என் விரலையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தொங்குகிற பாபுவின் கால்களைப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"ஐ கேனாட் சே வாட் தே டிட்" என்றார் மெதுவாக. "ஐ ஜாயின் ஷிப் ஆஃப்டர். ஆஃப்டர் லோடிங்."

கடைசித் துறைமுகத்தில் என்ன செய்தார்கள் என்று அவரால் சொல்ல முடியாது. மரம் ஏற்றி முடித்த பிறகுதான் அவர் இந்தக் கப்பலுக்கே வந்திருக்கிறார். அவருக்கு முன்னால் இருந்தவர் சேஃப் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார், இவர் அதையே எனக்குச் சொன்னார். இத்தனை வருடத்தில் எத்தனையோ ஆபீசர்களிடம் பேசியிருக்கிறேன். எனக்குத் தெரியாது என்று ஒரு மேஸ்திரியிடம் சொன்னவர் அவர் ஒருவர்தான். அவரை நான் கும்பிடாத நாளில்லை.

அதோடு நிற்கவில்லை அவர். தன் பாஷையில் உரக்கக் கூப்பிட்டார். ஏற்றும்போது கப்பலில் இருந்த வயதான மாலுமி ஒருவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். ஆபீசர் என்னைக் காட்டி ஏதோ கேட்டார். அந்த மாலுமிக்கு இங்கிலீஷ் ஒரு சொல்கூட இல்லை. சின்ன மூடியைக் காட்டினார். சின்னச் சின்னப் பொட்டலங்களை வரிசையாக வைப்பது போல் கையால் காட்டினார். பிறகு மூக்கைப் பிடித்துக்கொண்டு, தலையைப் பக்கவாட்டில் சாய்த்துக் கண்ணை மூடினார்.

மரத்தில் பூச்சி சாக மருந்துப் பொட்டலம் வைத்திருக்கிறார்கள். அது விஷப் புகையாக அந்த மூடிய ஏணி வழியில் நின்றுகொண்டிருக்கிறது.

நான் ஓடினேனா, பாய்ந்தேனா தெரியாது. பாபுவின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்ததில் அவன் மல்லாந்து தளத்தில் விழுந்தான், சட்டை கிழிந்தது. ஆபீசர் தன் கையாலேயே அந்தச் சின்ன மூடியை இழுத்துச் சாத்தினார்.

ஸ்டெல்லா மேடம் வந்தார். எப்போதும் நடந்தே வருகிறவர், அன்றைக்கு ஓடி வந்தார். எங்களையெல்லாம் காற்று வருகிற பக்கம் நகர்த்தினார். மூடியை விரலளவு தூக்கி, மீட்டரின் ரப்பர் குழாயை உள்ளே கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார். ஒரு முழம்கூடப் போயிருக்காது, மீட்டர் கத்த ஆரம்பித்தது. அது ஓயவே இல்லை. சிவப்பு விளக்கு அவர் முகத்தில் பட்டுப் பட்டு மறைந்தது. குழாயை மேலே இழுத்துவிட்டு, சிலுவை போட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஒன்றுமே நடக்கவில்லை. அதுதான் இந்தக் கதையின் விசேஷம். பெரிய மூடியைச் சரி செய்து திறந்தார்கள். மருந்துக்காரர்கள் வந்து பொட்டலங்களை எடுத்தார்கள். காற்று நல்லது என்று மீட்டர் சொன்ன பிறகு, மறுநாள் பகலில்தான் எங்கள் ஆட்கள் இறங்கினார்கள். மேனேஜர் போனில், "ஏழுமல..." என்று ஆரம்பித்து, பிறகு "சரி, எல்லாருக்கும் டிபன் சொல்லு" என்றார். அவரும் பிள்ளை குட்டிக்காரர்தான்.

அன்றைய முதல் தூக்கில் நாங்கள் தோற்றோம். டீ கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியவன் பாபு. கிழிந்த சட்டையோடு கிளாஸ்களைத் தூக்கிக்கொண்டு பக்கத்துக் கேங்கிடம் போனான். கிண்டல் செய்யக் காத்திருந்தவர்கள், அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, ஆளுக்கொரு கிளாஸைப் பேசாமல் எடுத்துக்கொண்டார்கள். ஒரு கிளாஸ் மீதி. அதைக் கொண்டுவந்து என் கையில் வைத்தான். பாதி டீ என் சட்டையில்தான் கொட்டியது.

"மாமு," என்றான்.

"இன்னா?"

"ஒண்ணுமில்ல."

வீட்டுக்குப் போகிற வழியில், "அக்காவாண்ட சொல்லாத" என்றான். நான் சொல்லவில்லை. சட்டை எப்படிக் கிழிந்தது என்று அவள் கேட்டதற்கு, கம்பியில் மாட்டிக்கொண்டது என்றான். இப்போது இந்த மலரைப் படித்துத்தான் அவளுக்குத் தெரியப்போகிறது. அது வேறு ஒரு கவலை எனக்கு.

கப்பல் கிளம்பும் முன் அந்த வியட்நாம் ஆபீசர் கப்பல் ஏணி வரை இறங்கி வந்தார். கொஞ்சம் யோசித்து யோசித்து, "கேன் யூ டெல் மீ வாட் யுவர் நேம் ஈஸ்?" என்றார்.

"ஏழுமல சார்."

அவர் வாயில் அது நுழையவில்லை. "செவன் ஹில், சார்" என்றேன்.

"செவன் ஹில்!" என்று என் தோளைத் தட்டினார். "பிக் நேம். ஸ்மால் மேன்." இரண்டு பேரும் சிரித்தோம்.

அதன் பிறகு ஸ்டெல்லா மேடம் ஒரு விதி வைத்தார். கேங் இறங்கும் முன் ஆபீசரிடம் 'சேஃபா' என்று கேட்பது கூடாது. உள்ளே என்ன இருக்கிறது, என்ன போட்டீர்கள், கடைசியாக என்ன செய்தீர்கள், இப்படித்தான் கேட்க வேண்டும். பதில் வந்த பிறகும் மீட்டர் இறங்காமல் ஆள் இறங்கக்கூடாது. ஏணி வழியாக முந்திக்கொள்கிற போட்டியை யாரும் தடை போட்டு நிறுத்தவில்லை. பாபுவே நிறுத்திவிட்டான். எவனாவது சின்ன மூடிப் பக்கம் போனால், "த்தோ, காலத் தொங்கப் போட்டுகினு நானு குந்தியிருந்தேன் பாரு" என்று ஆரம்பித்துவிடுவான். மேடம் இப்போது காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் பெரிய பொறுப்பில் இருக்கிறார். கிறிஸ்துமஸுக்குக் கேக் வரும். கூடவே ஒரு பொட்டலம் கடலையும் வரும்.

தினேஷிடம் நான் சொன்னது இவ்வளவுதான். போனைத் தாராளமாக வைத்துக்கொள், நல்ல சாமான். ஆனால் அதனிடம், உள்ளே என்ன போட்டீர்கள் என்று சொல்ல முடியுமா, என்று பேசு. பிறகு வாயை மூடிக்கொண்டு நில். "வாரைக் கழட்டி மாட்டணுமா நைனா?" என்று சிரித்தான். மாட்டு என்றேன். கிண்டலுக்குச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பாபு எங்கள் வீட்டுக்கு வருவான். அவனுக்கும் தலை நரைத்துவிட்டது. போன வாரம் வந்தபோது வெயில் ஏறிவிட்டது. அவன் வீட்டில் பெண்டாட்டி பிள்ளைகள் ஊருக்குப் போயிருக்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியும். அடுப்பங்கரையிலிருந்து கஸ்தூரி குரல் கொடுத்தாள்.

"சாப்ட்டியாடா?"

"ஆச்சுக்கா" என்றான் செருப்பைக் கழற்றிக்கொண்டே.

நான் பேப்பரை இறக்கினேன். "பாபு, கேன் யூ டெல் மீ வாட் யூ ஏட்?"

அவன் என்னைப் பார்த்தான். நான் வாயை மூடிக்கொண்டேன். அவன் மின்விசிறியைப் பார்த்தான், காலண்டரைப் பார்த்தான்.

"பேஜாரு புடிச்ச மாமு" என்று சொல்லிக்கொண்டே கை கழுவப் போனான். கஸ்தூரி இன்னொரு தட்டு எடுத்து வைத்தாள்.